பிசினாகவே நின்ற பதினேழாவது

எழுபத்தெட்டில் நான் மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அப்போது புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த ஒரு மருந்து நோயை அடக்கியது. கூடவே நோயாளியையும் படுத்தி எடுத்தது. அதன் மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றினால் கடுமை குறையுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. மாற்றி மாற்றிப் பதினாறு சேர்மங்கள் செய்தேன். எல்லாம் ஒழுங்காகப் படிகமாயின. பதினேழாவது மட்டும் மஞ்சள் பிசினாகவே நின்றது.

பம்பாயில் செல்களிலும் எலிகளிலும் சோதித்துப் பார்க்கும் கூடத்துக்குச் சுத்தமான படிகம்தான் அனுப்ப வேண்டும். மூன்று நாள் குளிரில் அசையாமல் வைத்தால் உறையலாம் என்றார் பேராசிரியர். ஆய்வகத்து ஃபிரிட்ஜோ அந்த மாதம் பார்த்துப் படுத்துவிட்டது. மதுரையில் மார்கழியிலும் எனக்கு வியர்க்கும்.

"எங்க அண்ணன் போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல இருக்காரு சார். அங்க காலையில பல்லு கிட்டும்" என்றேன். சிரித்தபடியே அனுப்பிவைத்தார்.

குடுவையை இறுக மூடித் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போடியில் ஜீப்பில் ஏறினேன். அண்ணனின் தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் பதினான்கு பேர் முன்னமே ஏறியிருந்தார்கள். முதல் வளைவிலேயே துணி விலகியது.

"மலைத்தேனா தாயி? ஒரு சொட்டு ஊத்து" என்று பக்கத்தில் இருந்தவர் உள்ளங்கையை நீட்டினார்.

"ஐயோ, தொட்டுறாதீங்கக்கா! புத்துநோய்க்கு மருந்து செஞ்சு பாக்குறோம்."

கை சட்டென்று பின்வாங்கியது. மறுகணம், மழைக்குத் தலையில் போடும் தன் கொங்காணியை எடுத்துக் குடுவையைச் சுற்றி அணை கட்டினார். "ஏப்பா டிரைவரு, மெதுவாப் போ. மருந்து குலுங்குது!" அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் பதினான்கு குரல்களும் டிரைவரை அதட்டின.

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஊற்றுநீர்த் தொட்டியில் குடுவையைக் கழுத்தளவு இறக்கிக் கட்டினேன். குடுவை அசையக் கூடாதென்று அண்ணி வேறொரு தொட்டியில் தண்ணீர் மொண்டார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை, விரல்கள் விறைக்க, கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டினேன். மதுரையில் நூறு தடவை செய்து சலித்த வேலை. சுரண்டிய கோட்டில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. நான் பார்க்கப் பார்க்க அது கிளைவிட்டு, குடுவை முழுக்க ஊசி ஊசியாகப் படர்ந்தது.

"அண்ணி! வெரசா வாங்க!"

கையில் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தார். "அடி ஆத்தே, மல்லிகை பூத்த மாதிரியில்ல இருக்கு!"

மதுரைக்குத் திரும்பி, அதில் ஒரு துகளை அங்கே மிச்சமிருந்த பிசினில் போட்டதும், அதுவும் ஒரே மதியத்தில் உறைந்தது. ஃபிரிட்ஜே தேவைப்படவில்லை.

பம்பாயிலிருந்து முடிவு வர ஆறு மாதமாயிற்று. கண்ணாடித் தட்டில் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தை அது தடுத்திருந்தது. எலிகளிடம் பலன் இல்லை; அவற்றின் உடம்பு அதை உடனே வெளியேற்றிவிட்டதாம். அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது, கொங்காணி தந்த அக்காவிடம் தயங்கியபடி சொன்னேன்.

"எலிக்குத்தான கேக்கல?" என்றார். எலிக்குக் கேட்காததை மனிதருக்குக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். "சரி, அதுக்காகச் சோலிய விட்டுறாத. இன்னொண்ணு செய்யி."

அவர் சொல்வதற்கு முன்பே அடுத்ததைத் தொடங்கியிருந்தேன். தடுப்பது தெரிந்துவிட்டது, இனி எலியின் உடம்பில் கொஞ்ச நேரமாவது தங்க வைக்க வேண்டும். அதற்காக இன்னொரு மூலையை மாற்றினேன். பதினெட்டாவது, வடிகட்டும்போதே படிகமாக விழுந்தது.