ஹாப்பர் மேடையில் நிற்கிறவன்

கோபத்தில்தான் அந்த மனிதப் பொம்மையைப் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். அதை வெளியே எடுக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

துறைமுகத்திலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டோரம் உள்ள ஒரு இரும்புப் பட்டறையில் டிசைன் வேலை எனக்கு. துறைமுகத்துக்கு ஹாப்பர் செய்கிறோம். கப்பலிலிருந்து கிரேன் அள்ளிப் போடும் நிலக்கரியை வாங்கி, கீழே நிற்கும் லாரியில் இறக்குகிற பெரிய இரும்புப் புனல் அது. அடியில் ஒரு கதவு, பக்கத்தில் ஒரு சின்ன மேடை. அந்த மேடையில் நின்று லீவரை இழுத்துக் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிழைப்பு. வேலை முடிந்து வந்து குளித்தால் காதுக்குள்ளிருந்தும் கரி வரும்.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் இருந்தது. முழு ஹாப்பரையும் யாரும் கணினியில் திறக்கமாட்டோம். திறந்தால் அது மலைத்துப்போய் நின்றுவிடும். டீக்கடைக்குப் போய் ஊர்க்கதையெல்லாம் பேசித் திரும்பினாலும் பாதிதான் வந்திருக்கும். அதனால் ஒருவர் ஹாப்பரின் கால்களை வரைவார், ஒருவர் புனலை, ஒருவர் கதவை. சேர்த்துப் பார்ப்பது, பாகங்களைப் பற்றவைத்துக் கோக்கும் யார்டில்தான். இடித்தால் வெட்டிவிட கேஸ் கட்டர் இருக்கிறதே! கதவை எப்போதும் மூடியபடியே வரைவோம். மென்பொருளும் அதற்கு ஒத்து ஊதியது. கதவை ஹாப்பரில் பொருத்தியதும் எல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிடும், அசைத்துப் பார்க்க வழியில்லை.

பிறகு புதிய பதிப்பு வந்தது. முழு ஹாப்பரும் அலுங்காமல் திறந்தது. பொருத்திய பிறகும் கதவை மட்டும் ஆட்டலாம். ஆடும்போது எதிலாவது இடித்தால் அந்த இடம் சிவப்பாகும். வேகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நான் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

அப்போது ஒரு ஹாப்பர் கையில் இருந்தது. லாரி திரும்பும்போது உரசுகிறது என்று, மேடையைக் கடல் பக்கத்துக்கு மாற்றித் தரச் துறைமுகத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். நாங்களும் மாற்றி, தகடெல்லாம் வெட்டியாகிவிட்டது. கதவு மூடியிருக்கும்போது அத்தனையும் கச்சிதம். திறந்தால், கதவைச் சமன்செய்ய வைத்திருக்கும் எடைக்கட்டை வெளியே வீசி வந்து மேடைக்கு மேலே நின்றது. சரியாக முழங்கால் உயரத்தில்.

சிவப்பு மட்டும் வரவே இல்லை. எப்படி வரும்? படத்தில் மேடை காலியாக இருந்தது. காற்றை இடித்தால் கணினிக்கு என்ன வந்தது? கோபத்தோடு ஒரு மனித உருவத்தைத் தேடி எடுத்து மேடையில் நிறுத்திவிட்டு மறுபடியும் கதவைத் திறந்தேன். முட்டி சிவந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இடிக்கலன்னு மொதல்ல கம்ப்யூட்டரே சொல்லிட்டுல்லா? நீ என்னளா, கோட்டிக்காரி மாதிரி பொம்மைய நிறுத்தி வெளையாடுத?"

"அங்கன ஆள் நிப்பான் அண்ணாச்சி."

"நிக்கிறவன் ஒதுங்க மாட்டானா?"

"எங்கன ஒதுங்குவான், கடல்லயா?"

அவர் முகம் மாறியது. "ஓ, உன் வீட்டுக்காரன் நிக்கிற எடம்னு பதறுதியோ?"

சுருக்கென்றது. "ஆமா, பதறத்தான் செய்யுதேன். அவரு நின்னாலும் வேற எவன் நின்னாலும் அது முட்டிதானே?"

"தகடு வெட்டியாச்சு, சவத்த விடு. ஆள எடுத்துட்டுக் கையெழுத்தப் போடு. நாளைக்கு அவங்க பாக்க வாராங்க."

"ஆளையும் எடுக்கமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். பிடிக்கலன்னா சொல்லுங்க, பேக்கைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். இந்த ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு கம்பெனியை எங்கே போய்த் தேடுவேன்? வீட்டில் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"கீழ எவன் நிக்கான்னு கிரேன்காரனே பாக்க மாட்டான். ஒன் கம்ப்யூட்டரு பாக்கப் போவுதாக்கும்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேலை போனாப் போவட்டும். அந்த ஆள எடுத்துராத," என்றார்.

மறுநாள் வந்தவர்களுக்கு முதலாளி பெரிய திரையில் ஹாப்பரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கதவு மூடியே இருந்தது. "ஒரு பொட்டு செவப்புக் கிடையாது சார்," என்றார் பெருமையாக. நான் எழுந்து போய் மவுசை வாங்கினேன். அவர் முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும். கதவைத் திறந்தேன். எடைக்கட்டை வந்து பொம்மையின் முட்டிக்குள் புகுந்தது.

வந்திருந்த இன்ஜினியர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "மேடையைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா?"

"அதத்தான் சார் நாங்களும் யோசிச்சு வச்சிருக்கோம்," என்றார் முதலாளி. யம்மா, என்ன நடிப்பு! புதுத் தகடு வெட்டச் சொல்லி அங்கிருந்தே யார்டுக்குப் போன் போட்டார்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "அதான் நீ சொன்னபடியே ஆயிட்டுல்லா? இனியாவது அந்த ஆள எடு."

எடுக்கவில்லை. மேடை தள்ளிப்போன படத்திலும் அவனை அப்படியே நிறுத்தி யார்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் யார்டு மேஸ்திரியிடமிருந்து போன். பின்னால் எல்லோரும் சிரிப்பது எனக்கும் கேட்டது.

"ஏளா, பார்ட் லிஸ்ட்ல மனுசன் ஒண்ணுன்னு வருதே. இவன எங்கன வச்சு வெல்ட் பண்ண?"

"வெல்டெல்லாம் பண்ண வேண்டாம் அண்ணே," என்றேன். "அவன் நிக்க எடம் விட்டாப் போதும்."