வாசலில் கழற்றிய ஷூ

ரோம் நகரம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு குழாய்தான். தெருவோரத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பிடிக்க ஆள் இல்லை. சிதம்பரத்தில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் வைக்கிறவன் நான். அதை மூட என் கை தானாகத் திருகைத் தேடியது.

"அதுக்குத் திருகே கிடையாது மாமா. ராத்திரி பகலா ஓடும்," என்றான் மச்சான். "நீங்க வந்து மூடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தாங்க போல."

மச்சான் என் மனைவியின் தம்பி, கடலூர் செம்மண்டலத்துக்காரன். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், ரோமில் ஓட்டல் வேலை என்று புறப்பட்டபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "தட்டு கழுவறதுக்கு ப்ளேன் ஏறிப் போகணுமா?" என்று அத்தனை பேர் எதிரில் கேட்டேன். நாலு பேர் கூடினால் வாய் திறக்காத எனக்கு அன்றைக்குப் பார்த்து அந்தப் பேச்சு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

போன புதிதில் தட்டுதான் கழுவினான். பிறகு காய் நறுக்கினான். அவன் மனைவியின் பிரசவத்துக்கு உதவியாக நாங்கள் போனபோது அவன் அந்த ஓட்டலின் தலைமைச் சமையல்காரன். பெண்கள் குழந்தையோடு வீட்டில் இருந்துகொள்ள, தன் வார லீவில் என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனான். கிளம்பும்போதே சொல்லிவிட்டான்.

"மதியம் நம்ம ஓட்டல்ல சாப்பாடு மாமா. லீவுன்னாலும் இன்னைக்கு நான்தான் சமைக்கறேன். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

எதற்காக என்று எனக்குத் தெரியும். என் பழைய பேச்சுக்கு அவன் சண்டை போடவில்லை, சோறு போடப் பார்த்தான். சரி என்று தலையாட்டினேன்.

தெருவெல்லாம் கறுப்புக் கல் பாவியிருந்தது. மஞ்சளும் காவியுமாகச் சுவர்கள், வெயிலில் நேற்றுப் பூசியவை போலவும் நிழலில் நாளைக்கே விழுந்துவிடும் போலவும் இருந்தன. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உடைந்த தூண்கள் நின்றன. ஒன்றின் மேல் பூனை தூங்கியது. எங்கள் ஊரில் வீதியில் எங்கே நின்றாலும் கோபுரத்தை வைத்து வழி சொல்லிவிடலாம். இங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஏதோ ஒரு பழசு நின்றதால் எனக்குத் திசையே பிடிபடவில்லை. அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக நடந்தேன்.

ஒரு பெரிய தேவாலயத்தின் முன்னால் அவனுக்கு போன் வந்தது. "நீங்க உள்ள போய்ப் பாத்துக்கிட்டு இருங்க மாமா," என்றான்.

படியேறி, வாசல் தூணோரம் ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனேன். கோயில் வாசலில் கால் தானாகச் செய்கிற வேலை அது. மற்றவர்கள் ஷூவோடு நடப்பதை உள்ளே போன பிறகுதான் கவனித்தேன். நம் மரியாதை நமக்கு என்று இருந்துவிட்டேன். பளிங்குத் தரை, மழை விட்ட பிரகாரம் போலச் சில்லென்று இருந்தது. கழுத்து வலிக்கும்வரை கூரைச் சித்திரங்களைப் பார்த்தேன்.

வெளியே வந்தால் தூணோரம் காலி.

மச்சான் என் காலைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். "டோக்கன் வாங்கலையா மாமா?" சிரிப்புத் தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கே இருந்தவர்களும் என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தன் ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தான்.

"போட்டுக்குங்க. ஓட்டல் ரெண்டு தெரு தள்ளித்தான். வழியில வேற வாங்கிக்கலாம்."

"வேணாம் மச்சான். வீட்டுக்குப் போயிடலாம்."

"எல்லாம் ரெடியா இருக்கு மாமா."

"எனக்குப் பசிக்கல."

பசித்தது. ஆனால் இங்கே சிரித்த முகங்கள்தான் அங்கேயும் மேசை மேசையாக உட்கார்ந்திருக்கும் என்று தோன்றிவிட்டது. அவனுடைய பெரிய ஷூவைத் தேய்த்துத் தேய்த்து நான் முன்னால் நடந்தேன். அவன் சாக்ஸ் காலோடு கல் தெருவில் பின்னால் வந்தான். பஸ்ஸில் யாருக்கோ போன் செய்து அந்த ஊர்ப் பாஷையில் சுருக்கமாகப் பேசினான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். அடுத்த லீவு வருவதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்.

சில வருடம் கழித்து, போன கோடையில் செம்மண்டலம் வந்திருந்தான். நாங்களும் பார்க்கப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"அன்னைக்கு என்ன சமைக்கறதா இருந்த மச்சான்?" என்று கேட்டேன்.

"எதுக்கு மாமா இப்ப?" என்றான். கொடியிலிருந்து துண்டை உருவியபடி, "மீனுதான். அக்கா கொண்டாந்த புளிய மொத நாளே எடுத்துட்டுப் போய் வெச்சிருந்தேன்," என்றான். துண்டில் கையைத் துடைத்தான். "ஓரமா ஒரு டேபிள் சொல்லியிருந்தேன். அங்க உக்காந்தா சமையக்கட்டு தெரியும்."

"அடுத்த தடவை வந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஓட்டல் இருந்த எடத்துல இப்ப துணிக்கடை மாமா."

துண்டை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனான். நான் கழுவின கையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன்.