கொடியில் காய்ந்த முதலாளி

குப்பம்மாள் அக்காவுக்குப் பயமே கிடையாது என்று நாயுடுபுரத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். போன மழைக்காலத்திலிருந்து அவர் பயந்து பயந்துதான் சோறு தின்கிறார். அவர் வேலை பார்க்கும் வீட்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் எனக்குத் தெரியாதா?

ஓவியர் ஞானவேல் தன் வீட்டு முன்கூடத்தைக் கேலிச்சித்திர அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார். மந்திரி, சாமியார், யாரையும் விட்டுவைக்காத மனிதர். அங்கே கூட்டித் துடைத்து டிக்கெட் கிழிப்பவர் அக்கா. இந்த மலை ஊர் ஈரத்துக்குக் காகிதம் பூசணம் பூத்துவிடும். அதனால் வெயில் தலைகாட்டினால் படங்களை வாசல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்.

போன மழைக்காலத்தில் வெயிலடித்த ஒருநாள், பீரோவில் பூட்டியிருந்த ஒரு படத்தையும் சேர்த்துத் தொங்கவிட்டார். லாட்ஜ் முதலாளி ஜெயமுருகனின் படம் அது. அதில் அவர் மலையை இலையில் குவித்து, ஓடையைக் குழம்பாக ஊற்றிப் பிசைந்து தின்கிறார். எவனோ டூரிஸ்ட் போட்டோ எடுத்துவிட்டான். மத்தியானத்துக்குள் ஊர் செல்போனெல்லாம் அதுதான்.

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவர் மகள் ராஜகுமாரிக்கு அந்த லாட்ஜில்தான் வேலை. ஓடிப்போய்க் கழற்றுவதற்குள் ஜீப் வந்து நின்றது.

ஜெயமுருகன் கத்தவில்லை. கொடியில் தொங்கிய தன்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். அல்லாவே, அந்தச் சிரிப்புக்கு அவர் கத்தியே இருக்கலாம்.

"நல்லாருக்கு ஞானவேலண்ணே. நானே கொண்டுபோறேன்."

வாசலில் நின்ற ஞானவேல் கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தார். டிரைவர் கையை நீட்டினான்.

"தொடாதீங்கய்யா!" என்றார் அக்கா. "நமுத்துக் கெடக்கு. இப்ப எடுத்தா மை இழுவி மொகம் கெட்டுப்போகும். காஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்."

"காயட்டும்" என்றார் ஜெயமுருகன். "நீ ராஜகுமாரி அம்மாதானே?"

ஜீப் போனதும் அக்கா என் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கிழிச்சுப் போடத்தான் கேக்குறாக, பாய்."

"குடுத்துத் தொலைங்கக்கா. பிள்ளை பொழப்புல்ல?"

முறைத்தார். "குடுத்தா எங்கய்யா இனிமே பேனாவையே தொடமாட்டாரு. அவரு மொகத்தப் பாத்தீங்கல்ல?"

அதன்பிறகு லாட்ஜிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் "இன்னும் காயலங்க" என்பார். படமோ பீரோவுக்குள் மொடமொடவென்று காய்ந்து கிடக்கிறது. ஜீப் சத்தம் கேட்டால் அக்கா முகம் வெளுத்துவிடும். எனக்கும்தான்.

இன்று காலை அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராஜகுமாரி கடைக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, முதலாளி என்னையக் கூப்பிட்டுக் கேட்டாரு, படம் காஞ்சிருச்சான்னு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரும்மா."

தெருவில் சுள்ளென்று வெயில் அடித்தது. அக்கா பாதி குடித்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"மழ விடலன்னு சொல்லு" என்றார்.