பிஞ்சுக் கடலை

எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் முள்காட்டை மனை போடுவதற்காக ஜேசிபி அழித்துக்கொண்டிருக்கிறது. டீசல் புகையோடு அறுந்த வேரின் பச்சை வாசனை வந்ததும் எனக்கு நைனாவின் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

நைனா செயின் போட்ட பழைய புல்டோசர் ஓட்டினார். உத்திரமேரூர் பக்கம் எத்தனையோ காடுகள் அந்த வண்டியால்தான் வயலாயின. ஒரு லீவு நாளில் திருப்புலிவனத்துக்கு அவருக்குச் சோறு கொண்டுபோனேன். அங்கே கரம்பு நிலத்தின் ஓரத்தில், கூலி வேலை செய்யும் கன்னியம்மா தானே முள் வெட்டி வேர்க்கடலை போட்டிருந்தாள். நிலம் அவளுடையதில்லை.

"அண்ணா, காய் இன்னும் முத்தல. அதுவரிக்கும் வுட்டுடுண்ணா," என்று வண்டிக்கு முன்னால் நின்றாள்.

நைனா இஞ்சினை நிறுத்திவிட்டு நிலத்துக்காரரைப் பார்த்தார்.

"இன்னாப்பா பாக்கற? நீ ஓட்டலன்னா வேற ஆளு வருவான்," என்றார் அவர்.

"நவுந்துக்கோம்மா," என்றார் நைனா, அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் நகர்ந்ததும் செடிகள் எல்லாம் மண்ணோடு புரண்டன.

கன்னியம்மா அந்த மண்ணைக் கிளறிப் பிஞ்சுக் காய்களைப் பொறுக்கினாள். பக்கத்தில் நின்ற என் கையிலும் கொஞ்சம் வைத்தாள். "துன்னு பாப்பா."

நைனா அன்று சோற்றைத் தொடவில்லை. வீடு திரும்பும்போது, "கடல எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"இனிப்பா இருந்துச்சி நைனா."



இன்று அழியும் காட்டில் ஒரு மனையை நாங்களும் பேசி முடித்திருக்கிறோம். அங்கே யார் என்ன போட்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.