லோடோடு பார்க்கச் சொன்னவர்

கலியமூர்த்தி அவர்கள் காலமான செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. கிடங்கில் நெத்திலிக் கருவாடு எடை போட்டுக்கொண்டிருந்தேன். மளிகைக்கடை தனபால்தான் பேசினார்.

"ஒங்கிட்ட முன்னாடி வண்டி ஓட்டினாரே, அந்தக் கை நடுக்கம் டிரைவரு, போய்ட்டாராம். காரைக்கால்மேட்டுல ஐஸ் பேக்டரில ஐஸ் பார் தள்ளிக்கிட்டு இருந்தப்பவே நெஞ்ச புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாராம்."

போனை வைத்த பிறகு தராசில் என்ன காட்டியது என்று பார்க்கவே இல்லை. இறந்தது ஒரு வருத்தம். 'கை நடுக்கம் டிரைவர்' என்று சொல்லித்தான் தனபால் அவரை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான். கடைத்தெரு முழுக்கப் பரப்பியவனும் நான்தான். அது பொய். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் படிக்கிற நம் வணிகர் சங்க இதழில் அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கலியமூர்த்தி அவர்கள் கருக்களாச்சேரிக்காரர். கடல் தொழில் செய்த குடும்பம். ஆனால் படகில் ஏறினால் அவருக்கு வாந்தி நிற்காது. "எங்கப்பா மூணு தடவ ஏத்திப் பாத்தாரு. மூணாந் தடவ, 'நீ கரையிலயே எதையாவது ஓட்டிப் பொழச்சிக்கடா'ன்னுட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படித்தான் லாரிக்குப் போனார்.

நான் அவரை முதலில் பார்த்தபோது சைக்கிளில் கருவாட்டுக் கூடை கட்டி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மழையில் சைக்கிள் டயர் வெடித்து, பூவத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். மினி லாரி ஒன்று கடந்துபோய், நின்று, பின்னால் வந்தது. "கருவாடு நனஞ்சா புழு வச்சிரும் தம்பி, ஏறு" என்றார். சைக்கிளையும் கூடையையும் தாமே தூக்கிப் போட்டார். பிறகு எத்தனையோ நாள் அவருடைய லாரியில் போனேன். ஒரு டீக்கு மேல் அவர் என்னிடம் வாங்கியதில்லை.

நான் கிடங்கு பிடித்து, கொஞ்சம் நிமிர்ந்து, ஒரு பழைய டீசல் காரை வாங்கியபோது அவரைத்தான் ஓட்டக் கூப்பிட்டேன். அந்தக் காரில் ஏற என் மனைவி மறுத்துவிட்டாள். உள்ளே அவ்வளவு கருவாட்டு வாடை. அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. சாவியை வாங்கிய அன்று காலைவரை என்னைத் 'தம்பி' என்றவர், வாங்கியதும் 'முதலாளி' என்றார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினோரு ஆண்டுகள் ஓட்டினார். காலையில் வந்ததும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நான்கு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பின்பக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்ப்பார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ஸ்பிரிங் பட்டை எவ்ளோ ஒக்காந்திருக்குன்னு பாக்கறேன் முதலாளி. வயசான வண்டி, இடுப்பு வுட்டுப் போயிடும்" என்றார்.

அந்தக் கார் ஆட ஆரம்பித்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. வியாழன்தோறும் மயிலாடுதுறைக் கடைகளுக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போவோம். கோட்டுச்சேரி தாண்டி வேகம் அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுவதுபோல இருக்கும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். திரும்பி வரும்போது, அதே சாலையில், எண்பதில் போனாலும் இருக்காது.

"போறப்ப ஆடுது முதலாளி, வர்றப்ப ஆடல" என்றார்.

"போறப்ப ஒங்களுக்குத் தூக்கம், வர்றப்ப முழிப்பு. அதான்" என்றேன்.

அவர் விடவில்லை. மெக்கானிக் ரஹீம் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தார். இன்ஜின் மவுண்டிங்கை மாற்றினார். அடுத்த வியாழனும் ஆடியது. மறுபடி போனோம். கலியமூர்த்தி அவர்கள் வரிசையாகச் சொன்னார்.

"பாய், ஸ்டேரிங் ஆடல, சீட்டுதான் ஆடுது. அப்ப முன் வீல் இல்ல. ஓட்டத்துலயே நியூட்ரல் போட்டுப் பாத்தேன், அப்பவும் ஆடுது. அப்ப இன்ஜின் இல்ல."

"எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா கடையையும் நீயே வச்சிக்கய்யா" என்று சிரித்த ரஹீம் பாய், என் பக்கம் திரும்பினார். "போறப்ப லோடு எவ்ளோ முதலாளி?"

"நாலு மூட்டைக் கருவாடு. பஞ்சு மாதிரி இருக்கும்."

அந்த இடத்தில்தான் நான் பொய் சொன்னேன். கருவாட்டு மூட்டைகளுக்குக் கீழே, டிக்கியில் பலகை போட்டு மறைத்து, எட்டுப் பெட்டிச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. நம் ஊர் மலிவு மதுப்புட்டிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன கிராக்கி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் யாரும் கருவாட்டு மூட்டையைப் புரட்டமாட்டார்கள். விடியுமுன்னே நானே தனியாக ஏற்றுவேன். அங்கே போனதும் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு இறக்குவேன். ஒன்றரை வருடம் அப்படி நடந்தது. அவருக்குத் தெரியாது.

ரஹீம் பாய் லோடைப் பற்றிக் கேட்ட நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது, எடைதான் காரணம் என்று. விளங்கவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும். மறுநாள் சோதனைக்கு வெறும் நான்கு மூட்டைக் கருவாட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். மூவரும் கோட்டுச்சேரி வரை போய் வந்தோம். கார் பூனைக்குட்டி மாதிரி ஓடியது.

"எங்கடைப் பக்கம் வந்தாலே வாலச் சுருட்டிக்கிதே ஒங்க வண்டி" என்றார் ரஹீம் பாய்.

"வண்டி ஆடல பாய். இவரு கைதான் ஆடுது" என்றேன் நான்.

ரஹீம் பாய் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி அவர்கள் என்னையே பார்த்தார். "கை ஆடுனா ஸ்டேரிங்ல தெரியணுமே முதலாளி. சீட்டுல ஏன் தெரியுது?" என்றார். பதில் இல்லாதவன் சத்தத்தை உயர்த்துவான். நான் உயர்த்தினேன்.

அதோடு நின்றிருக்கலாம். கார் ஏன் அடிக்கடி பட்டறையில் நிற்கிறது என்று கடைத்தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "டிரைவருக்குக் கை நடுக்கம் வந்திடுச்சு, பாவம், கௌப்பி வுட மனசு வரல" என்றேன். இரக்கப்பட்டுச் சொல்வதுபோலச் சொன்னால் பொய் சீக்கிரம் விலைபோகும். பத்து நாளில் அவருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஒரு வியாழன். பூவத்துக்குச் சற்று முன்பு அவர் காரை ஓரங்கட்டினார். இறங்கிப் பின்பக்கம் போய்க் குனிந்தார். மட்கார்டுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்ப்பதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். என் ஜன்னலுக்கு வந்தார்.

"முதலாளி, டிக்கில கருவாடு மட்டும்தானா?"

"வேற என்ன, ஒங்க மாமியா வீட்டுச் சீரா?"

"காலி வண்டில நாலு வெரல் போவும். நாலு மூட்டை கருவாட்டுக்கு மூணரை நிக்கணும். பாய்கிட்ட போன அன்னிக்கி மூணரைதான் இருந்திச்சு. இன்னிக்கி ரெண்டு வெரல் நொழைய மாட்டேங்குது. மூணு வாரமா வியாழக்கிழமை மட்டும் இப்படித்தான் இருக்கு. கீழ என்ன வச்சிருக்கீங்க?"

நான் சாலையைப் பார்த்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. என் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

"எம்பொண்ணு போலீஸ் பரீட்சை பாஸ் பண்ணிருக்கு முதலாளி. ஒங்களுக்குத் தெரியும். ஸ்வீட்டு குடுத்தேன், சாப்ட்டீங்க. அடுத்த மாசம் வெரிபிகேசனுக்கு வீட்டுக்கு வரப்போறாங்க. அப்பன் பேர்ல ஒரு கேஸ் இருந்தா அந்தப் புள்ள பொழப்பு அதோட போச்சு. ஒண்ணர மைலு தாண்டுனா செக்போஸ்ட்டு. வண்டிய ஓட்டறவன் நானு."

"ஒண்ணும் ஆவாது, நா பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க. என்னை யாரு பாத்துக்குவா?"

சாகும்வரை அவர் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் இல்லை. காரைத் திருப்பினார். அறுபதுக்கு மேல் விடாமல், கிடங்குவரை ஓட்டிவந்து, வழக்கமான இடத்தில் நேராக நிறுத்தினார். சாவியைத் தராசுத் தட்டில் வைத்தார்.

"ஷாஃப்ட்டு கிராஸ் தேஞ்சிருக்கும். பின்னாடி அழுந்துனா ஷாஃப்ட்டு கோணிக்கிட்டு அடிக்கிது. லோடோட பாக்கச் சொல்லுங்க. லோடு இல்லாம பாத்தா பாய்க்கு எந்தக் காலத்துலயும் தெரியாது. அப்படியே வுட்டுறாதீங்க, கழண்டு ரோட்டுல குத்துனா வண்டி தூக்கி அடிச்சிரும்."

கோபத்தில் போகிற மனிதர், என் உயிருக்கு ஆகாதது எது என்று சொல்லிவிட்டுப் போனார். கும்பகோணத்தில் முகம் தெரியாத பட்டறையில், உள்ளதைச் சொல்லி, லோடோடு காட்டினேன். இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்தத் தண்டின் இணைப்பு, அவர் சொன்னபடியே தேய்ந்திருந்தது. மாற்றினார்கள். ஆட்டம் நின்றது. இரண்டு மாதத்தில் அந்தச் சரக்கு வேலையையும் விட்டேன். திருந்தி விட்டேன் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்ற பயம்தான்.

கடைத்தெருவில் மட்டும் நான் எதையும் திருத்தவில்லை. "நடுக்கம் முத்திப்போச்சா, நிறுத்திட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன காரணம் சொல்வது? அவர் வேலை தேடினார், கிடைக்கவில்லை, ஐஸ் பேக்டரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். ஐம்பது வயது தாண்டியவர், ஐஸ் பார் தள்ளினார். மகளுக்கு வேலை கிடைத்தது என்றும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

இறந்த வீட்டுக்குப் போய்க் கூட்டத்தோடு நின்று வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவருடைய மகள் சுகந்தியிடமும் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகளையும் சொன்னேன். அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

சுகந்தி, "இப்ப நா யூனிபார்ம்ல இல்ல. இருந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றது.

"ஒங்கப்பாவுக்கு நடுக்கம் இல்லம்மா. நா கட்டிவுட்டது அது."

"அத எங்ககிட்ட ஏன் சொல்றீங்க? எங்களுக்குத் தெரியாதா? அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஊசில நூல் கோத்துக் குடுக்கறதே அப்பாதான். யார்ட்டல்லாம் பொய் சொன்னீங்களோ அவங்கட்ட போய்ச் சொல்லுங்க."

உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தது. மருத்துவரின் சான்று. கண் பார்வை சரி, கை கால்களில் நடுக்கம் இல்லை, வாகனம் ஓட்டத் தகுதியானவர். என்னைவிட்டுப் போன மறுவாரத் தேதி. லேமினேஷன் செய்திருந்தார். ஓரம் பிரிந்து, டேப் ஒட்டியிருந்தது.

"கடை கடையா இதத்தான் எடுத்துக்கிட்டுப் போனாரு. யாரும் பாக்கல. இப்ப நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

முதலில் தனபால் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "செத்தவருக்கு வேல வாங்கித் தரப் போறியாக்கும்" என்று கேலியாகத்தான் ஆரம்பித்தார். தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எங்கிட்டயும் இதக் கொண்டாந்தாரு. எங்கடை வேனுக்கு ஆளு தேவப்பட்ட நேரம். நா கையில வாங்கக்கூட இல்ல. 'ஒங்க முதலாளியே சொல்றாரே'ன்னேன். ஒண்ணும் பேசாம பையில வச்சிக்கிட்டு எறங்கிட்டாரு." கண்ணாடியைக் கழற்றினார். "அவரு நெனச்சிருந்தா ஒன் வண்டவாளத்த அன்னிக்கே சொல்லிருக்கலாமேய்யா."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியத்தில் தம் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். மகளின் வேலைக்காக வாயைக் கட்டிக்கொண்டாரா, என் பெயர் கெடக்கூடாது என்றும் ஒரு ஓரத்தில் நினைத்தாரா, எனக்குத் தெரியாது. எனக்காக என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது.

இதுவரை ஒன்பது கடைகளுக்குப் போயிருக்கிறேன். ஆறு பேர் அந்தத் தாளை முன்பே பார்த்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களிடமும் அவர் அதை நீட்டியிருக்கக்கூடும். என் பேச்சைக் கேட்டு நீங்கள் வாங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்தக் குற்றமும் என்னுடையதுதான்.

கலியமூர்த்தி அண்ணே, தனபால் அந்தத் தாளைத் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உங்களிடம் அப்படிக் கொடுத்திருக்க வேண்டியது. போய் வாருங்கள்.