சகலையின் ரீல்

குளத்தூரில் ராஜதாஸைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்காத பம்புசெட்டு இருக்காது. கிணற்று மோட்டார் எரிந்தால் நேரே அவர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியைச் சிக்கலில்லாமல் சுற்றிச் சுற்றியே இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார், வீட்டுக்கு மாடியும் எடுத்தார். சபைக் கமிட்டிக்கு நின்று ஜெயித்தும் இருக்கிறார். ஐம்பது தாண்டிய மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சகலை ஷிஜு பிடிப்பதைவிடப் பெரிய வரால் மீன் ஒன்று வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஷிஜு, ராஜதாஸின் மனைவி ஆனந்தபாயின் தங்கை ஷீனாவைக் கட்டியவன். காரக்கோணத்தில் ஒரு லேபில் வேலை. அவன் இந்தக் குடும்பத்துக்குள் கால் வைப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ராஜதாஸ் தூண்டில்காரர். கடையைச் சாத்திவிட்டு வாய்க்கால் கரையில் நின்று மண்புழு கோத்துப் போடுவார். குழம்புக்கு ஆகிற அளவு பொடிமீனோடு வருவார். மாமியார் வீட்டில் மீன் பேச்சு எடுத்தால் ராஜதாஸ் பெயர்தான் வரும். பிறகு ஷிஜு வந்தான். வந்த முதல் வருஷமே கை நீளத்துக்கு ஒரு வராலைப் பிடித்து, உயிரோடு துள்ளத் துள்ள மாமியார் முன்னால் கொண்டுவந்து வைத்தான். அன்றோடு ராஜதாஸின் பெயர் போயிற்று.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க விடாதது அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, தேங்காய், கோழி எல்லாம் வரும். விளைநிலம் இல்லாதவர்கள் தங்களால் ஆனதைக் கொண்டுவரலாம். ஷிஜு வருஷம் தவறாமல் வாளியில் ஒரு வரால் கொண்டுவருவான். ஏலம் விடுகிற ஈசாக்குக்குத் தொண்டை பெரிது. "ஷிஜுவுக்க வராலாக்கும், மக்கா! பாத்துக்கிடுங்க!" என்று அவர் கூவும்போது சின்னப்பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் கூடிவிடும். போன வருஷம் ராஜதாஸும் ஒரு மீன் கொண்டுபோனார். ஈசாக் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி உண்டு அண்ணாச்சி, மீனு எங்க?" என்றார். போதகர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். ஆனந்தபாய் அடக்கவே இல்லை.

ஊர் சிரித்ததை மறந்துவிடலாம். பெண்டாட்டி சிரித்தது ராஜதாஸின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இந்த வருஷம் ஈசாக்கின் வாயால், ஆனந்தபாய் கேட்க, 'ராஜதாஸுக்க வரால்' என்று சொல்லவைத்தாக வேண்டும். இல்லையென்றால் இனி அந்த முற்றத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

ஷிஜு மட்டும் எப்படிப் பிடிக்கிறான்? அவனுக்குத் திறமை இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினார். எல்லாம் அவன் தூண்டில் கம்பில் நூலைச் சுற்றி இழுக்கிற அந்த ரீலின் சமர்த்துத்தான். ஈஸ்டர் சாப்பாட்டுக்கு ஷீனா வீட்டுக்குப் போனபோது, கார் நிற்கும் இடத்தில் சாத்திவைத்திருந்த கம்பையும் ரீலையும் யாரும் பார்க்காமல் போனில் படம் எடுத்தார். கைப்பிடி, திருகாணி, அடியில் இருந்த எழுத்து, ஒன்று விடவில்லை. திருடுவதற்கு நோட்டம் பார்க்கிறவன்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

நெய்யாற்றின்கரையில் தூண்டில் சாமான் விற்கும் பொன்னப்பனிடம் போய்ப் படத்தை நீட்டினார்.

"இது கம்புக்க மேல உக்காருற ரீலாக்கும் அண்ணா," என்றான் பொன்னப்பன். "எறியும்போ கட்டவெரலால தடவி நிறுத்தணும். இல்லேன்னா லைன் நூலு உள்ள குருவிக்கூடு போல சிக்கிப்போவும். நீங்க இதுவரெ எது வச்சிருந்திய?"

"எல்லாம் வச்சிருந்தேன்." அவர் வைத்திருந்தது கம்புக்குக் கீழே தொங்குகிற சாதா ரீல் ஒன்றே ஒன்று.

"எங்கின எறிவிய? கொளமா, வாய்க்காலா, கடலுபக்கம் பொழியா?"

"எல்லா எடத்திலயும்."

"வாய்க்கால்ன்னா தொங்குற ரீலு போதும் அண்ணா. சின்ன இரைய எறியதுக்கும் சுகம், பழகுறதுக்கும் சுகம். பாசி மண்டுன கொளத்துல பெரிய வரால வலிச்சுத் தூக்கதுக்குத்தான் இது. பின்ன ஒரு காரியம் உண்டு. தொங்குற ரீலுல சுத்துற கைப்பிடிய கழத்தி எந்தப் பக்கமும் மாட்டலாம். இதுல மாட்ட முடியாது, வலப்பக்கம்ன்னா வலப்பக்கந்தான். நீங்க எந்தக் கையால எறிவிய?"

ராஜதாஸுக்குக் கோபம் மூக்குக்கு வந்துவிட்டது. ரீல் வாங்க வந்தவரிடம் பெண் பார்க்க வந்தவன் மாதிரி இவ்வளவு கேள்வியா?

"எலே, படத்துல உள்ளதப் போல தா. ஒரு ஆணி மாறப்பிடாது."

 பொன்னப்பன் படத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக் கொடுத்தான்.

பழகுவதை ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் வெள்ளறடைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் கிடக்கும் ஒரு குளத்தைப் பிடித்தார். ஒரு வீட்டில் மோட்டார் வேலை என்று ஆனந்தபாயிடம் சொல்லிவிட்டு, கம்பைப் பழைய வேட்டியில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். முதல் நாள் இரையாகக் கட்டி எறிந்த ரப்பர் தவளை காலடியிலேயே விழுந்தது. ரீலுக்குள் லைன் கொத்தாகச் சிக்கிக்கொண்டது. ஆயுள் முழுவதும் கம்பி சுற்றியவர் கரையில் குந்தியிருந்து அந்தச் சிக்கலைப் பிரித்தார். பிரித்து எறிந்தார், மறுபடியும் சிக்கியது. குளத்தைப் பார்த்த நேரத்தைவிட மடியைப் பார்த்த நேரம்தான் அதிகம். எறிந்த பிறகு கம்பைக் கை மாற்றிப் பிடித்துச் சுற்றவேண்டியிருந்ததை, புது ரீலின் குணம் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. பொறாமைக்கு அலுப்பே கிடையாது. பண்டிகைக்கு முந்தின நாள் வந்தபோது தவளை ஒருவழியாகப் பாசிக்கு அந்தப் பக்கம் போய் விழும் அளவுக்குத் தேறியிருந்தார்.

அன்றைக்குத்தான் அடித்தது. தண்ணீரை வெடித்துக்கொண்டு ஒரு வராலின் முதுகு மேலே வந்தது. ஷிஜு பிடித்த எதையும் தூக்கிச் சாப்பிடும் மீன். வலது கை கம்பைப் பிடித்திருந்தது. இடது கை, அத்தனை வருஷப் பழக்கத்தில், கைப்பிடியைத் தேடிப் போயிற்று. அங்கே கைப்பிடி இல்லை. வெறும் இடத்தைத் துழாவியது. கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது, கம்பை இடது கைக்கு மாற்ற வேண்டும் என்று புத்தி சொல்லி, கை கேட்டு, கம்பு மாறுவதற்குள் மீன் தாமரைத் தண்டுகளுக்குள் புகுந்துவிட்டது. லைன் அறுந்து காற்றில் ஆடியது.

அப்போதுதான் ராஜதாஸுக்கு உறைத்தது. ஷிஜு இடதுகைக்காரன். இடது கையால் எறிந்து, வலது கையால் சுற்றுகிறவன். அவன் கல்யாண ரிஜிஸ்டரில் இடது கையால் கையெழுத்துப் போட்டதை அன்று பந்தி முழுக்கச் சொல்லிச் சிரித்தவரே ராஜதாஸ்தான். அவர் வாங்கி வைத்திருப்பது ஷிஜுவின் கைக்கு அளவெடுத்த ரீல்.

கரையில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினார். தன்னையல்ல, ஷிஜுவை.

வீட்டுக்கு வந்தால் ஆனந்தபாய் வாசலிலேயே நின்றாள். "இஞ்ச பாருங்க, இந்த வருஷம் எங்க வீட்டு மீனு உண்டுன்னு பெண்கள் சங்கத்துல எல்லார்க்கிட்டயும் பறஞ்சாச்சு. மீனு எங்க?" மோட்டார் வேலைக் கதையை அவள் ஒருநாளும் நம்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெறுங்கையோடு போனால் மானம் போகும். ராத்திரி முழுக்கப் புரண்டு, விடியும்போது ஒரு வழி கண்டுபிடித்தார். மீன் என்ன பெரிய மீன்? ரீலையே படைத்துவிடலாம். வரால் கொண்டுவந்தவனைவிட ரீலே கொடுத்தவன் பெரியவன் என்று ஊர் சொல்லாதா?

அன்று ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஷிஜுவின் வரால் வழக்கம்போல நல்ல விலைக்குப் போயிற்று. அடுத்து ஈசாக் ரீலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னதாக்கும் அண்ணாச்சி? மிக்ஸிக்க சாமானா?"

"ரீலு! புத்தம் புதுசு!"

"ராஜதாஸ் அண்ணாச்சிக்க ரீலு! யாரு கேக்கியிய?"

ஒருவரும் கேட்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு வாங்க வந்தவர்களுக்கு ரீல் எதற்கு? ராஜதாஸின் முகம் கறுக்கும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இடது கை. ஷிஜு.

ராஜதாஸின் காதுக்குள் குப்பென்று சூடு ஏறியது. தன் காசில் வாங்கிய ரீல், தன்னை மண்ணைக் கவ்வ வைத்த ரீல், அந்தக் கையில் போய்க் கனகச்சிதமாக உட்காரப் போகிறது. அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய வரால் வரும். அவர் எழுந்து நின்று தானே விலையைக் கூட்டிக் கேட்டார்.

ஈசாக் குழம்பிப்போனார். "அண்ணாச்சி, இது நீங்க படைச்ச சாமானாக்கும்."

"எனக்குத் தெரியும். நீ ஏலத்த விடு."

ஷிஜு ஏற்றினான். ராஜதாஸ் அதற்கு மேல் ஏற்றினார். கடை விலையைத் தாண்டியது. ஆனந்தபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் ஷிஜு கையை இறக்கினான். ராஜதாஸ் தன் ரீலைத் தானே வாங்கினார். முற்றம் முழுக்க ஒரே சிரிப்பு. போதகரும் இந்தத் தடவை அடக்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தலில் ஷிஜு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. நீங்க ஆசையா வாங்கினத ஏதோ மன வெப்ராளத்துல குடுத்துட்டியன்னு தோணிச்சு. ஏலத்துல எடுத்து, எடப்பக்கம் கைப்பிடி உள்ளதா மாத்தி வாங்கி, ஒங்களுக்கே தரலாம்ன்னுதான் கேட்டேன். ஒங்க கைக்கு அதுதான் செரியாவும்."

ராஜதாஸ் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். மீனில் அவன் முந்தினான், சரி. நல்லவனாக இருப்பதிலுமா முந்த வேண்டும்? அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

"மாத்தாண்டாம்," என்றார் வெடுக்கென்று. "நான் இப்ப எடது கையாலயாக்கும் எறியது. அதுக்குத்தான் அத வாங்கினேன்."

ஷிஜுவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா அண்ணே! எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப சனிக்கிழம ரெண்டு பேருமாச் சேர்ந்து கொளத்துக்குப் போவோம்."

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்று, லைன் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, இடது கையால் எறிந்துகொண்டிருந்தார் ராஜதாஸ். ஒன்று மரச்சீனிச் செடியின் மூட்டுக்குள் போய்ச் சிக்கியது. ஒன்று பக்கத்து வீட்டுக் கோழியைக் கலைத்தது. ஒன்று அவர் தலையிலேயே விழுந்தது. அடுக்களை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆனந்தபாய் இந்த முறை சிரிக்கவில்லை.

"அவனுக்க மீனு வேணும்ன்னு நின்னிய. பிறவு அவனுக்க ரீலு வேணும்ன்னு நின்னிய. இப்ப அவனுக்க கையும் வேணுமா?"

 ராஜதாஸ் கம்பை மறுபடியும் இடது கையில் பிடித்தார்.