ஓக்கே என்று சொன்ன அதிகாரி

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் அங்கே தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். தமிழ் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, கல்வி அதிகாரியிடம் நானே மனு கொடுத்தேன். படித்துப் பார்த்தார். "ஓக்கே, ஓக்கே" என்றார்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "அதிகாரி சாறு சம்மதிச்சாச்சு. வகுப்பு உண்டு."

கோடை விடுமுறை முடிந்து போனால், தமிழ் வகுப்பு இருந்த அறையில் மலையாளப் பாடம் நடக்கிறது. என்னைக் கள்ளிக்காட்டுப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன்.

"நீங்க ஓக்கேன்னு சொன்னீங்களே, சாறே?"

அவர் சிரித்தார். "கடலாஸ் கிட்டி என்னு பறஞ்ஞதல்லே, டீச்சரே!"

காகிதம் கிடைத்தது என்று சொன்னாராம். அவ்வளவுதானாம்!

"அப்பம், முடியாதுன்னு எழுதித் தாங்க" என்றேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். மத்தியானம் தாண்டியும் மேசைக்கு முன்னாலேயே நின்றேன். கடைசியில் மனுவின் ஓரத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, என் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் மிஷன் சபைக் குடும்பத்துக்காரி. அவளிடம் போய்க் கொட்டினேன். "அந்த ஓக்கேங்கிற வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

"அமெரிக்காக்காரன் பத்திரிகையில விளையாட்டுக்குத் தப்பும் தவறுமா எழுதினதாக்கும். 'எல்லாம் சரி', ஆல் கரெக்ட்ங்கிறதுக்கு ஏ, சி வரணும். காதுல கேக்குற மாதிரி ஓ, கேன்னு போட்டான். அதுவே நிலைச்சுப் போச்சு."

எவனோ விளையாட்டுக்கு எழுதினதை நம்பி ஒரு ஊரையே காத்திருக்க வைத்திருக்கிறேன்! அதிகாரிமேல் இருந்த கோபத்தைவிட என்மேல் அதிகம் வந்தது. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே.

பெற்றோரைக் கூட்டி, அவர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நெசவுக்காரர் மனைவி ஒருத்தி எழுந்தாள்.

"நீங்க சொன்னதையாக்கும் நம்பினேன், டீச்சரே. முன்னமே தெரிஞ்சா மகளைக் களியக்காவிளைத் தமிழ்ப் பள்ளியில சேர்த்திருப்பேனே. இப்பம் அங்கயும் இடம் இல்லையாம்."

மறுநாளே அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு களியக்காவிளைக்கு நடந்தேன். அங்கிருந்த தலைமையாசிரியரோடு சண்டை போட்டுத்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் வாங்கினேன். மற்றப் பிள்ளைகள் மலையாள வகுப்பிலேயே உட்கார்ந்தார்கள்.